பேசுதற்கு ஓர் அறை

இருவர் உள்ளம் நெருங்குதற்கு அவ்விருவர் நாவே போதும் என்பர் பலர். யாம் அங்ஙனம் கருதுகிலேம். அவர்கள் அமர்ந்திருக்கும் அறையும் அவ்வுரையாடலில் ஒரு பங்கு கொள்கின்றது என்பதே எமது துணிபு. சென்ற ஆண்டு வேற்றூர்க் கல்லூரி ஒன்றின் தமிழ்க் கழக விழாவிற்குச் சென்றிருந்தோம். மண்டபத்தில் நாற்காலிகள் யாவும் மேடையை நோக்கி வரிசை வரிசையாய் இடப்பட்டிருந்தன. இரண்டரை மணி நேரம் எம் முன்னிருந்தார் பிடரியைப் பார்த்திருந்தோமேயன்றி ஒருவரோடும் ஒரு சொல்லும் பேசினோமில்லை. பின்னர் மழை பிடித்துக்கொண்டது. யாவரும் தாழ்வாரத்துத் திண்ணையில் ஒதுங்கினோம். ஒரு நாழிகை கழிவதற்குள் அக்கல்லூரி மாணவர் மூவர் எமக்கு நண்பராயினர்.

ஐரோப்பாவிற் குடிபுகுந்த அராபியரும் அந்நாட்டாரும் கூடிப் பேசுதற்கென அமைக்கப்பெறும் பண்பாட்டு நிலையங்களைப் பற்றிப் படித்தபொழுது அத்திண்ணையே எம் நினைவிற்கு வந்தது. 2015-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 8,90,000 மக்கள் அடைக்கலம் நாடி ஜெர்மனி நாட்டை அடைந்தனர். அவருள் மிகப் பலர் சிரியா நாட்டினர். உண்ண உணவும் உறங்க இடமும் அளித்தல் அரசாங்கத்தின் கடமை. அதனை ஒருவாறு செய்தனர். ஆனால் அயலான் ஒருவன் எங்கே அமர்ந்து தன் வாயைத் திறப்பான் என்பது வேறு வினா.

இதற்கு விடை போன்ற ஓர் அறை பெர்லின் நகரத்திலேயே நெடுங்காலமாக இருந்துவந்தது வியப்பன்றோ? பெர்கமோன் அரும்பொருட் காட்சிச்சாலையில் உள்ள அலெப்போ அறையைக் கூறுகின்றோம். அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவ வணிகராகிய ஈசா இப்னு பூத்ருஸ் என்பார் தம் இல்லத்தில் விருந்தினரை வரவேற்றற்கு அமைத்த அறை அது. பேதுருவின் மகன் ஈசா என்பதே அப்பெயரின் பொருள். 1600-க்கும் 1603-க்கும் இடையே வண்ணந் தீட்டப்பெற்ற அதன் மரப்பலகைகளில் குழந்தையை ஏந்திய மரியாளும் இராப்போசனக் காட்சியும் உள்ளன. அவற்றோடு லைலாவும் மஜ்னூனும் உளர். வேட்டைக் காட்சிகளும் உள. சங்கீத வசனங்கள் அரபு எழுத்தில் ஓட, அவற்றின் அருகே அரபுப் பழமொழிகள் ஓடுகின்றன. முஸ்லிம் வணிகர் ஒருவர் அங்கு வந்து அமர்ந்தால் தமக்கு அயன்மையான இடம் என்று எண்ணியிரார். அம்மனை பிற்காலத்தில் வக்கீல் குடும்பத்தாருடையதாயிற்று. நம் நீதிமன்றங்களில் நாள்தோறும் வழங்கும் அவ்வரபுச் சொல்லை அங்கே கண்டு யாம் சிறிது நகைத்தோம்.

அப்பலகைகள் 1912-இல் பெர்லினுக்கு விலையாயின. காப்பாற்றும் பொருட்டுக் கண்ணாடிக்குப் பின்னே நிறுத்தினர். பேசுதற்குச் செய்த அறை பார்த்தற்குரிய பொருளாயிற்று. நூறு ஆண்டு கழிந்து, 2015 டிசம்பரில், 'முல்தகா' என்னும் திட்டம் அங்கே தொடங்கிற்று. சந்திக்கும் இடம் என்பது அச்சொல்லின் பொருள். சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் அடைக்கலமாக வந்தோரையே பயிற்றுவித்து, அவர்தம் நாட்டார்க்கு அரபு மொழியில் அரும்பொருள்களை விளக்கும் வழிகாட்டிகள் ஆக்கினர். அலெப்போவின் பழம்பகுதி போரில் இடிந்துகொண்டிருந்த அந்நாள்களில் அவ்வூரார் அவ்வூர் அறையின் முன் நின்றதை எண்ணின் நெஞ்சம் கலங்கும்.

அறை மாறவில்லை, ஆள் மாறியதே போதுமாயிற்று. ஆகவே அறையின் அமைப்பு ஒரு பொருட்டன்று என்று சிலர் வாதிக்கலாம். அற்றன்று. வெறுஞ் சுவர் அவர்க்கு முதற் சொல்லை எடுத்துக் கொடுத்திராது. ஆயினும் அவர் நின்றே பேச வேண்டியதாயிற்று. நின்று பேசுவோர் விரைவில் அகல்வர்.

பாரிஸ் மாநகரில் 1987-இல் திறக்கப்பெற்ற அரபு உலக நிலையத்தைப் பலரும் புகழ்வர். தென்புறச் சுவரில் 240 உலோகப் பலகணிகள் வெயிலின் அளவிற்கேற்பக் கண்மணி போலச் சுருங்கியும் விரிந்தும் ஒளியை அளக்குமாறு சமைத்தனர். நுட்பம் மிக்க வேலை. அந்நுட்பமே பழுதாகிப் பல பலகணிகள் நெடுநாள் அசையாது நின்றன என்பதும் உண்மை. எனினும் அச்சுவர் தெருவை நோக்கிப் பேசுகின்றது. உள்ளே வரும் ஏழைக் குடியேறியை நோக்கி அன்று என்று எமக்குத் தோன்றுகின்றது. அமெரிக்க நாட்டு டியர்பார்ன் நகரில் 2005-இல் எழுந்த அராபிய அமெரிக்கர் காட்சிச்சாலை எம் மனத்திற்கு இன்னும் அணுக்கமானது. நடுவே நீரூற்றுடைய முற்றம். குடியேறினாருடைய சொந்த வாழ்க்கையே அங்குக் காட்சி.

அராபியர் விருந்தறையில் இருக்கைகள் சுவரை ஒட்டிச் சூழ அமையும். எவர் முகமும் எவர்க்கும் மறையாது. மஜ்லிஸ் என்னும் சொல்லே அமர்தற்குரிய இடம் என்று பொருள்படும். சிரியர் பழைய வீடுகளில் வாயிலை ஒட்டிய தரை தாழ்ந்தும் அமரும் தளம் உயர்ந்தும் இருக்கும். தாழ்ந்த இடத்திற் செருப்பைக் களைந்து மேலேறும்பொழுதே வந்தவன் விருந்தினன் ஆகின்றான். இவற்றைப் பின்பற்றுதல் எளிது, பொருட்செலவும் அரிதன்று. ஒட்டகப் படமும் பித்தளை விளக்கும் தொங்கவிட்டு அரபு நாடு என்று காட்டுதலை யாம் வெறுக்கின்றோம். தமாஸ்கு நகரத்து மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாளில் ஒட்டகம் ஏறியிரார். வாயிலருகே எழுத்தர் மேசையும் படிவக் கட்டும் வைத்தலோ அதனினும் கொடிது. புகலிட அலுவலகங்களில் மாதக்கணக்கிற் காத்திருந்தார்க்கு அக்காட்சி தொண்டையை அடைத்துவிடும். பெர்லினில் சொன்னன்அல்லே என்னும் தெருவிலுள்ள அராபியர் ரொட்டிக் கடைகளிலும் காப்பிக் கடைகளிலும் ஜெர்மானியரும் தாமே நுழைகின்றனர். கட்டடக் கலைஞர் முதலில் அங்குச் சென்று கற்பாராக. சுவரில் இரு மொழியும் எழுதும்பொழுது அரபு எழுத்து ஜெர்மன் எழுத்திற் சிறியதாக இருத்தல் ஆகாது. குழந்தையோடு வரும் தாய்மார்க்கு ஒதுக்கமான ஓர் அறை வேண்டும்; அதுவும் வலிந்து புகுத்தும் ஒதுக்கமாகாது.

2024 டிசம்பரில் சிரியாவின் பழைய ஆட்சி வீழ்ந்தது. திரும்பிச் செல்வதா, தங்குவதா என்னும் பேச்சு இப்பொழுது வீடுதோறும் எழுந்துள்ளது. அதனை அந்நாட்டாரோடு இருந்து பேசுதற்கும் இடம் வேண்டும். பெர்கமோன் காட்சிச்சாலை 2023 அக்டோபர் முதல் புதுப்பித்தலின் பொருட்டு மூடப்பட்டுள்ளது; 2027-இல் அதன் வடபகுதியைத் திறக்கக் கருதியுள்ளனர். அலெப்போ அறையின் கண்ணாடிக்கு முன்னே, மூன்று பக்கமும் தாழ்ந்த இருக்கைகள் இட்டு, இடையில் சிறு கிண்ணங்களிற் காப்பி வைத்தல் கூடுமா என்று அதிகாரிகளைக் கேட்க விழைகின்றோம்.