வில்லன் பெயரில் ஒரு கோயில்

வில்லன் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது?

உருட்டும் விழிகள். முறுக்கிய மீசை. கொட்டகையே அதிரும் சிரிப்பு. அவன் ஏன் கெட்டவன் என்று யாரும் கேட்பதில்லை. கெட்டவன் என்றால் கெட்டவன், அவ்வளவுதான்!

பிள்ளைகள் தெருவில் நாடகம் ஆடினாலும் இதே கதைதான். "நான்தான் கதாநாயகன்" என்று நாலு பேர் சண்டை போடுவார்கள். வில்லன் வேஷம் மட்டும், இருப்பதிலேயே சின்னப் பையனின் தலையில் கட்டப்படும்.

ஆனால் நல்ல கதைக்கு உயிர் கொடுப்பவன் வில்லன்தான். அவன் பொம்மையாக இருந்தால் கதையும் பொம்மைக் கதைதான்.

மேஜை மேல் ஒரு கதை

மேல்நாட்டில் ஒரு விளையாட்டு உண்டு. 1974-ம் ஆண்டு, அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் அதை வெளியிட்டார்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். இன்று உலகின் பல நாடுகளில் அதை ஆடுகிறார்கள்.

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வாள் வீரர். ஒருவர் மந்திரவாதி. ஒருவர் திருடர். 20 முகம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். விழுகிற எண்ணைப் பார்த்து, எடுத்த காரியம் வென்றதா தோற்றதா என்று முடிவு செய்வார்கள்.

வில்லனாகப் பேசும் பொறுப்பு கதை சொல்பவருடையது. "உலகத்தையே அழிப்பேன்!" என்று கத்தும் வில்லன் இரண்டு வாரத்தில் அலுத்துப் போவான். ஆகவே கெட்டிக்காரர்கள் புதுவிதமான வில்லனை உண்டாக்குவார்கள். அவன் செய்வது தவறு. ஆனால் அவனிடம் ஒரு நியாயம் இருக்கும். ஒரு நல்ல குணமும் இருக்கும். அவனை எதிர்க்க வந்தவர்களே ஒரு நிமிஷம் தயங்கி நிற்பார்கள்.

இப்படிப்பட்ட வில்லனைத் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். திருப்பூர் மாவட்டத்துச் சேவூருக்குப் போனால் போதும்.

சேவூர் சொல்லும் சேதி

அவினாசிக்கு வடக்கே இருக்கிறது சேவூர். அங்கே ஒரு பழைய சிவன் கோயில். சுவாமியின் பெயர் வாலீசுவரர். வாலி வழிபட்ட ஈசன் என்பதால் இந்தப் பெயர் என்று தல வரலாறு சொல்கிறது. மயிலாப்பூரிலும் வாலீசுவரர் கோயில் உண்டு.

எந்த வாலி? இராமபிரானின் அம்பு பட்டு விழுந்தானே, அதே வாலிதான்!

இராமாயணத்தில் தண்டனை பெற்றவன் அவன். அப்படியிருந்தும், அவன் பெயரோடு சேர்த்துத்தான் நம் முன்னோர் ஆண்டவனையே அழைத்தார்கள். காரணம் இல்லாமலா?

வாலியின் கதை ஒரு சந்தேகத்தில் தொடங்குகிறது. மாயாவி என்ற அரக்கனைத் துரத்திக்கொண்டு வாலி ஒரு குகைக்குள் போனான். தம்பி சுக்கிரீவன் வாசலில் காவல் நின்றான். நாட்கள் போயின. மாதங்களும் போயின. அண்ணன் வரவில்லை. அண்ணன் இறந்துவிட்டான் என்று நினைத்துக் குகை வாசலை அடைத்தார்கள். அமைச்சர்கள் சொற்படி தம்பி பட்டம் சூட்டிக்கொண்டான்.

வாலி சாகவில்லை. அரக்கனைக் கொன்றுவிட்டுத் திரும்பினான். வாசல் அடைபட்டிருந்தது. நாட்டில் தம்பி அரசனாக இருந்தான். வாலிக்கு என்ன தோன்றும்? "என்னைப் புதைத்துவிட்டு ஆட்சியைப் பிடித்துக்கொண்டான்!" என்றுதான் தோன்றும்.

அதுவரை வாலி பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பி சொன்ன சமாதானத்தை அவன் காதில் வாங்கவில்லை. அடித்து விரட்டினான். தம்பியின் மனைவியையும் பறித்துக்கொண்டான். அங்கேதான் வீரன் வில்லன் ஆனான்!

கடைசி வேண்டுகோள்

அம்பு பட்டு விழுந்த வாலியைக் கம்பர் காட்டும் விதம் அருமையானது. மறைந்து நின்று எய்தது முறையா என்று வாலி இராமனையே கேட்கிறான். அந்தக் கேள்வியைப் பற்றி இன்றும் பட்டிமன்றங்களில் வாதம் நடக்கிறது. வில்லன் கேட்ட கேள்வி இத்தனை நூற்றாண்டு உயிரோடு இருக்கிறது என்றால் சும்மாவா?

பிறகு அவன் மனம் தெளிகிறது. சாகும் நேரத்தில் இராமனிடம் வரம் கேட்கிறான். தனக்காக அல்ல. தன்னைக் கொல்வதற்கு ஆள் கூட்டி வந்த தம்பிக்காக!

தம்பி கள்ளைக் குடித்து அறிவு கெட்டுத் தவறு செய்தாலும், என் மேல் விட்ட அம்பை அவன் மேல் விடாதே என்கிறான். "அண்ணனைக் கொல்வித்தவன்" என்று உன் தம்பிமார் இவனை இகழ்ந்தால், அதைத் தடுத்துவிடு என்றும் கேட்கிறான். மகன் அங்கதனை இராமனிடமே ஒப்படைக்கிறான். பகைவனின் மகனுக்கு இராமன் தன் உடைவாளையே கொடுக்கிறான்.

எவ்வளவு பெரிய மனம்! அந்த மனம் கொஞ்சம் முன்னாலேயே திறந்திருந்தால்? அம்புக்கு வேலையே இல்லையே!

வேறு சிலர்

கும்பகர்ணன் என்றால் தூக்கம் மட்டும்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்கு எடுத்துச் சொன்னவன் அவன். அண்ணன் கேட்கவில்லை. தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும், உண்ட சோற்றுக்காகப் போருக்குப் போய் உயிர் விட்டான்.

சூரபத்மன் மாமரமாக நின்றபோது முருகனின் வேல் அதை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில். மறு பாதி சேவல். ஒன்று வாகனம் ஆயிற்று, மற்றொன்று கொடியில் ஏறிற்று. பகைவனை அழிப்பதைவிட மாற்றுவது பெரிது என்பதுதானே இதன் பொருள்?

சினிமாவிலும் உண்டு. 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தில் சிவாஜி கணேசன் தேசத் துரோகியாக நடித்தார். துரோகம் துரோகம்தான் என்று படம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அறிவுள்ள ஓர் இளைஞன் அந்த வழிக்கு எப்படிப் போனான் என்பதையும் காட்டியது.

வீட்டிலேயே ஆடலாம்

பகடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு கதையைத் தொடங்கிப் பாருங்கள்.

ஒரு மந்திரவாதி, ஊர்க் குளத்துத் தண்ணீரை ஒரே ராத்திரியில் திறந்துவிட்டான். பயிர் வாடுகிறது. கேட்கப் போனவர்களை அடித்து விரட்டுகிறான். வீரர்களே, என்ன செய்வீர்கள்?

ஒரு பிள்ளை "வெட்டுவேன்" என்று சொல்லும். இன்னொரு பிள்ளை, "ஏன் திறந்துவிட்டாய்?" என்று கேட்கும். கேட்ட பிள்ளைக்குத்தான் உண்மை தெரியும். கரையில் ஓட்டை விழுந்திருந்தது. அடுத்த மழைக்கு ஊரே மூழ்கியிருக்கும்! அப்படியானால் மந்திரவாதி நல்லவனா? ஊரைக் காத்தது சரி. ஊரிடம் சொல்லாததும், கேட்டவர்களை அடித்ததும் தப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுகிற பிள்ளை, நாளைக்கு நல்ல நீதி சொல்லும்.

இது விளையாட்டுக்கு மட்டும் சொல்லும் பாடம் அல்ல.

பனியன் தொழில் நடக்கும் ஊர்களில் அண்ணனும் தம்பியும் கூட்டாகக் கம்பெனி நடத்துவது வழக்கம். ஒரு நாள் கணக்கில் ஒரு தொகை உதைக்கும். ஒரு செக்கில் அண்ணனைக் கேட்காமல் தம்பி கையெழுத்துப் போட்டிருப்பான். உடனே, "குகையை அடைத்துவிட்டான்" என்ற சந்தேகம் வந்துவிடும். பேச்சு நிற்கும். வக்கீல் வருவார். வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பும். பாகத்துக்குப் பாகம் மெஷின் பிரியும். பிறகு ஒருவருக்கு ஒருவர் வில்லன்தான்!

சுவர் எழும்புவதற்கு முன்னால், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? பதிலைக் கடைசி வரை காது கொடுத்துக் கேட்டால் என்ன?

தப்புக்குத் தண்டனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாலிக்கும் தண்டனை கிடைத்தது. ஆனால் தண்டனை பெற்றவனின் நல்ல குணத்தை ஊர் மறக்கவில்லை. சேவூர்க் கோயிலில் சுவாமி பெயரைச் சொல்லும் ஒவ்வொருவரும் வாலியின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

வாலி கடைசி மூச்சில் தம்பியை மன்னித்தான். நாம் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம்!