தறிக்குத் திரும்பும் அங்கத்தினர்

இருதயத்தில் சத்திர சிகிச்சை என்பது இன்று பட்டணத்துத் தனவந்தர்களுக்கு மட்டும் உரிய சங்கதி அன்று. 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ரெனே ஃபவலோரோ என்னும் வைத்தியர், காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு இருதயத்தின் அடைபட்ட குழாய்க்கு மாற்றுவழி அமைத்தார். 1975இல் அச்சிகிச்சை சென்னைக்கும் வந்தது. இப்பொழுது அரசாங்கக் காப்பீட்டின் உதவியால் நெசவாளரும் உழவரும் அதைச் செய்துகொண்டு வீடு திரும்புகின்றனர். மகிழத்தக்கதே. ஆயின் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்குகிறதேயன்றி, அதன்பின் இழக்கும் கூலியைத் தாங்குவதில்லை.

இச்சிகிச்சைக்குப் பெரும்பாலும் மார்பெலும்பை நடுவே பிளந்து, பின்னர் எஃகுக் கம்பியால் பிணைக்கின்றனர். எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரமும், முழு வலிமை பெறச் சுமார் மூன்று மாதமும் செல்லும். அதுகாறும் கனத்த பொருளைத் தூக்கலாகாது. கைகளால் பலமாக இழுக்கவும் தள்ளவும் ஆகாது. குழித்தறியிலோ ஒரு கை நாடாக் கயிற்றைச் சுண்டி இழுக்கிறது. மறு கை பலகையை அடிக்கிறது. இழுப்பும் தள்ளலுமே நெசவு! நாளம் எடுத்த கால் சில வாரங்கள் வீங்குவதுண்டு. அதைக் குழியில் தொங்கவிட்டு மணிக்கணக்கில் அமர்தல் தகாது. ‘இலகுவான வேலை செய்யலாம்’ என்று சீட்டில் எழுதும் வைத்தியர் தறியைக் கண்டிருப்பாரா என்பது ஐயமே.

ஆய்வின் பொருட்டு நாம் செல்லும் ஊர்களில், வாங்கிய முன்பணத்துக்கு அஞ்சி நான்காம் வாரத்திலேயே தறியில் இறங்கிவிடுவோர் உளர். அவர்களைக் கண்டிப்பது எளிது. ஆனால், ஆறு மாதம் கழிந்தும் வீட்டாரின் அச்சத்தால் திண்ணையிலேயே அமர்ந்திருப்போரை யாரும் கவனிப்பதில்லை. நடப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. ஆஸ்பத்திரியிலேயே நோயாளியை நடக்கச் செய்கின்றனர். உறக்கமின்மையும் மனச்சோர்வும் இச்சிகிச்சைக்குப் பின் பலருக்கு வருவன. அண்டை வீட்டுத் தறியோசையைக் கேட்டுக்கொண்டு வாளாவிருப்பவருக்கு அச்சோர்வு எங்ஙனம் தீரும்?

சங்கம் இங்கே தலையிட வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். வைத்தியர் சம்மதித்த பிறகு, முதலில் துணி அளத்தல், தரம் பார்த்தல், தார் சுற்றுதல் போன்றவற்றை அவருக்குக் கூலியுடன் கொடுக்கலாம். முப்பது ஆண்டு நெய்த கண்ணுக்குத் துணியின் குறை தப்பாது. எனவே இது தருமம் ஆகாது. தார் சுற்றுவது பெண்டிர் வேலை என்று நகைப்போர் நகைக்கட்டும். மூன்று மாதம் கழிந்து வைத்தியர் அனுமதித்தால் முழுப் பாவு வேண்டா; குறும்பாவு ஒன்று கொடுத்து, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்தில் தொடங்கச் செய்யலாம்.

உழவர்க்கும் இதுவே. மண்வெட்டியும், மூட்டையும், முதுகில் சுமக்கும் தெளிப்பானும் காத்திருக்கட்டும். செயற்கை வால்வு பொருத்தப்பெற்றோர் பலர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உண்பர். அரிவாள் பட்டால் அவர்க்கு இரத்தம் எளிதில் நில்லாது. உடன் வேலை செய்வோர் இதை அறிந்திருத்தல் நலம்.

எவ்வேலைக்கு எவ்வளவு கூலி என்பதை நிர்வாகக் குழு முன்னதாகவே தீர்மானமாக எழுதிவிடின் பின்னர்க் கணக்கில் குழப்பம் வாராது. நூலையும் பாவையும் சில மாதங்கள் அவர் வீட்டுக்கே சேர்ப்பிக்கவும் அத்தீர்மானத்தில் இடம் செய்க. சங்கத்திலிருந்து நூற்கட்டைச் சுமந்து வருவதும் சுமையே.