கணக்கு போடு... அப்புறம் டயர் போடு!



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அணுபுரத்திலிருந்து கிளம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்ப் பாருங்கள். பழைய ஸ்விஃப்ட் கார்கள் சில, பெரிய அலாய் வீல், பட்டை மாதிரி டயர் என்று சீறிக்கொண்டு போகும். "மச்சி, பதினேழு இன்ச்டா!" என்று நம்ம பசங்க வாயைப் பிளப்பார்கள். ஏன் பதினேழு, ஏன் பதினஞ்சு இல்லை என்று கேட்டால் ஒரே பதில்தான்: "லுக்குடா!"

சாதாரணக் காரை ஸ்போர்ட்ஸ் காராக மாற்ற ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் டயர் அளவைக் கண்ணும் கடைக்காரரும் தீர்மானிக்க விடலாமா? கூடாது என்பதே என் கருத்து. லேபில் வெர்னியர் பிடித்து அளக்கிற நாம், நாலு பேர் உயிரைத் தாங்கும் டயரை மட்டும் உத்தேசமாக வாங்குவது நியாயமா?

கணக்கு ரொம்ப சுலபம். ஸ்விஃப்டின் அடிப்படை மாடலில் வரும் டயர் 165/80 ஆர் 14. அதாவது அகலம் 165 மி.மீ. பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், 132 மி.மீ. ரிம் 14 இன்ச், 355.6 மி.மீ. ரிம்மோடு மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவரைக் கூட்டினால் மொத்த விட்டம் 619.6 மி.மீ.

அதே காரின் உயர்ந்த மாடலில் வருவது 185/65 ஆர் 15. கூட்டிப் பாருங்கள், 621.5 மி.மீ. ரிம் ஒரு இன்ச் ஏறியும் விட்டம் 2 மி.மீ. கூட மாறவில்லை! ரிம் பெரிதானால் பக்கச்சுவர் குறையணும், வெளி விட்டம் அப்படியே இருக்கணும். இதுதான் பாடம். வித்தியாசம் மூணு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தொழில் வழக்கம்.

இனி, "அகலமா இருக்கட்டும்" என்று ஒருத்தர் 205/65 ஆர் 15 போடுகிறார். விட்டம் 647.5. நாலரை சதவீதம் கூடுதல். முள் 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 84-ல் ஓடும். சக்கரத்தின் இழுவையும் அதே அளவு குறையும். ஸ்டியரிங்கை முழுசா ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசவும் கூடும். வேகத்துக்காகப் போட்ட டயர் பிக்கப்பைத்தான் குறைத்தது!

"அப்போ 205/45 ஆர் 17?" என்பீர்கள். விட்டம் 616.3. கணக்கு சரிதான். ஆனால் பக்கச்சுவர் 132-லிருந்து 92 மி.மீ. ஆகிவிட்டதே! பள்ளத்தின் அடியை முதலில் வாங்கும் ஸ்பிரிங் அந்த ரப்பர்தான். அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். ரிம் வளையும், டயர் வெடிக்கும். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கரையும் குழியையும் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லணுமா? மழையிலும் அகல டயர் தண்ணீர் மேல் சீக்கிரம் மிதக்கும். என் ஓட்டு பதினஞ்சுக்கே.

இன்னும் இரண்டு விஷயம். டயரில் அளவை அடுத்து இருக்கும் எண், தாங்கும் எடை. 85 என்றால் ஒரு டயருக்கு 515 கிலோ, 88 என்றால் 560 கிலோ. கம்பெனி சொன்னதை விட இது குறையவே கூடாது. அடுத்தது, வீலின் ஆஃப்செட். வீல் வெளியே தள்ளி நின்றால் பார்க்க கம்பீரம்தான். ஆனால் பாரம் பேரிங் மேல் ஏறும்.

"ரேஸில் மட்டும் எப்படிப் போடுகிறான்?" என்று கேட்கலாம். 2005 ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பார்முலா ஒன் பந்தயம். அங்கே சாய்வான ஒரு வளைவை மிஷ்லின் டயர்கள் தாங்காது என்று தெரிந்ததும், 14 கார்கள் தொடக்கச் சுற்றோடு வெளியேறின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள்தான் ஓடின. அதில் நாலாவதாக வந்தவர் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன்! உலகமே பார்க்கும் பந்தயத்தில்கூட டயர் தாங்காது என்றால் நிறுத்திவிட்டார்கள். நமக்கு மட்டும் என்ன அவசரம்?

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே அந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். வேகம் பார்க்கணுமா? இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தளம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் கூடையோடு குறுக்கே வரும் அம்மாவுக்கு உங்கள் லுக்கு முக்கியமில்லை, பிரேக்தான் முக்கியம்.

நண்பர்களே! நாளைக்கு ஒர்க்‌ஷாப்பில் நிற்கப் போவது நாம்தான். "தம்பி, பெரிய வீல் போடலாமா?" என்று கேட்பவர், டிப்ளமோ படித்த பையன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் கேட்பார். அந்த நம்பிக்கைக்கு ஒரு நிமிஷக் கணக்கு போதும். கால்குலேட்டரை எடுப்போம், அப்புறம் ஜாக்கியை எடுப்போம்!