பற்றரிக்கும் பொறுமை வேண்டும்



வெஸ்ட் ஈலிங் தெருக்களில் மாலையானதும் மின்சார சைக்கிளில் சாப்பாடு கொண்டோடும் எம்மவர் பிள்ளைகளைக் காண்கிறோம். வேலை முடிந்து வந்து, பற்றரியை வாசலடியில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். "இதைப் பத்து நிமிசத்தில் நிரப்ப ஏலாதா?" என்று எம்மிடம் கேட்டார் ஒரு தம்பி. நல்ல கேள்விதான்.

லிதியம் பற்றரி சார்ஜ் ஏறும்போது, லிதியம் அயன்கள் ஒரு மின்வாயிலிருந்து புறப்பட்டு, மற்ற மின்வாயிலுள்ள காரீயத்தின் அடுக்குகளுக்குள் போய் இருக்கின்றன. இலங்கையில் போகல சுரங்கத்தில் தோண்டுவதும் இந்தக் காரீயந்தான்.

207ஆம் இலக்க பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவராய் ஏறினால் எல்லோருக்கும் இடமுண்டு. முண்டியடித்தால் வாசலிலேயே நெரிசல். அதுபோல அளவுமீறி அவசரப்படுத்தினால், லிதியம் உள்ளே போகாமல் காரீயத்தின் மேலே உலோகமாகப் படியும். அது ஊசிபோல வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டால் உள்ளே மின்னொழுக்கு ஏற்பட்டுத் தீப்பற்றலாம்.

மின்வாயின் துணிக்கைகளை நனோ அளவுக்கு, அதாவது தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய ஆயிரத்திலொரு பங்குக்குச் சிறிதாக்கினால் அயன்கள் போகும் தூரம் குறையும். ஆனால் மேற்பரப்புக் கூடுவதால் வேண்டாத இரசாயனத் தாக்கங்களும் கூடும். 2018இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிளேர் கிரேயின் குழு வேறொரு வழியைக் காட்டியது. நையோபியமும் தங்ஸ்தனும் சேர்ந்த ஒட்சைட்டுகளுக்குள் இயல்பாகவே திறந்த பாதைகள் உண்டு. அதனால் துணிக்கை பெரிதாயிருந்தாலும் அயன்கள் விரைவாக ஓடும்.

இத்துறையில் தமிழர் பங்கும் உண்டு. மதுரையில் படித்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம், ஒக்ஸ்போட்டிலும் பின்னர் டெக்சாசிலும் ஜோன் குடினஃபுடன் ஆய்வு செய்தவர். குடினஃப் லிதியம் பற்றரிக்காக 2019இல் நோபல் பரிசு பெற்றபோது, அவர் சார்பில் பேருரை நிகழ்த்தியவரும் இவரே. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

தம்பி, புதிய பற்றரி வரும்வரை அவசரம் வேண்டாம். அந்தப் பற்றரிக்கென்று தந்த சார்ஜரையே பாவியுங்கள். நித்திரைக்குப் போகுமுன் கழற்றிவிடுங்கள். வாசலடியில், படிக்கட்டின் கீழ் ஒருபோதும் வைக்காதீர்கள். பல குடும்பங்கள் இருக்கும் வீட்டில், தீ பிடித்தால் மேல்மாடிப் பிள்ளைகள் வெளியேற அந்த ஒரு வழிதான் உண்டு. புகை கண்டால் பற்றரியைத் தொடாமல் எல்லோரையும் வெளியேற்றி, 999க்கு அழையுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.