கழிவுநீர்க் குழாயும் நம் கைகளும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை சென்னையில் எங்கள் அடுக்ககத்து வீட்டில் நண்பர்கள் நால்வர் கூடியிருந்தோம். பேச்சு வழக்கம்போலப் படிமங்களிலும் உத்திகளிலும் சுற்றிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற ஆசிரியை. “தம்பி, உங்க பாத்ரூம் தண்ணி எங்க பாத்ரூம்ல சொட்டுது. மூணு நாளா பக்கெட் வச்சுப் புடிக்கிறேன். அழுக்குத் தண்ணிப்பா, கொஞ்சம் என்னன்னு பாருங்க” என்றார். குரலில் கோபமில்லை, கூச்சம்தான் இருந்தது. கூச்சப்பட வேண்டியவன் நான்.

அவர் சென்றதும் நண்பர் ஒருவர் சொன்னார்: “பிளம்பருக்குப் போன் பண்ணிட்டு விடுங்க சார். இதெல்லாம் நமக்கு ஒண்ணும் தெரியாது.” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொண்டுதான் இதை எழுத வேண்டும். அந்தச் சிரிப்பின் மீதுதான் என் புகார்.

ஒரு முக்கியமான நாவலைப் படித்ததில்லை என்று சொல்ல நமக்கு நாக்குக் கூசும். ஆனால் தன் குளியலறைத் தண்ணீர் எவ்வழியே வெளியேறுகிறது என்று தெரியாததை ஒரு தகுதிச் சான்றிதழைப்போல நீட்டுகிறோம். இந்த அறியாமை மட்டும் ஏன் பெருமைக்குரியதாயிற்று?

பிளம்பர் நான்கு நாட்களுக்கு வர இயலாது என்றார். வேறொரு கட்டடத்தில் வேலை. நியாயம்தான். ஆனால் கீழ்வீட்டில் வாளி நிறைந்துகொண்டிருந்தது. வேறு வழியின்றி நானே இறங்கினேன். இதற்கு ஒரு தர்க்கம் உண்டு, அது துப்பறியும் கதையை ஒத்தது. நாள் முழுதும் ஓயாமல் சொட்டினால் பெரும்பாலும் நல்ல தண்ணீர்க் குழாயில் கோளாறு. மேலே தண்ணீர் புழங்கிய பின்பு மட்டும் சொட்டினால் கழிவுநீர் வழியில் கோளாறு. ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து குளியலறைத் தரையில் ஊற்றிவிட்டுக் கீழே ஓடினேன். சிறிது நேரத்தில் கீழ்வீட்டுக் கூரைக்கடியில் தொங்கும் மூன்றங்குலக் குழாயின் முழங்கை இணைப்பிலிருந்து நீலத்துளி விழுந்தது. குற்றவாளி அகப்பட்டான்.

வீடு கட்டியவர்கள் அந்த இணைப்பில் பசையே தடவாமல் வெறுமனே செருகிவிட்டுப் போயிருந்தார்கள். பிடிப்பானைத் தளர்த்தி இழுத்ததும் முழங்கை கழன்று வந்தது. உடன் தேங்கியிருந்த தண்ணீர் என் முகத்திலும் மார்பிலும் கொட்டியது. முடிக்கற்றை, சோப்பு மண்டி, கரிய வழுவழுப்பு. குமட்டியது. அடுத்த கணம் உறைத்தது, இது முழுக்க என்னுடையது. என் வீட்டுத் தலைமுடி, என் வீட்டு அழுக்கு. ஆசிரியை டார்ச் விளக்கைப் பிடித்தபடி நின்றார். துடைத்து, உலரவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிவிசி பசை தடவி, கால் சுற்று திருப்பி அழுத்தி, அரை நிமிடம் அசையாமல் பிடித்தேன். இரவு முழுதும் குளியலறையைப் பூட்டி வைத்தோம். காலையில் கீழே வாளி காய்ந்திருந்தது.

அந்தக் குழாய்க்கு மேல், தரைத்துளைக்கு அடியில், ‘டிராப்’ என்ற வளைவு இருக்கிறது. அதில் இரண்டங்குல அளவுக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நின்று, சாக்கடையின் காற்று வீட்டுக்குள் ஏறாமல் அடைக்கிறது. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் இருந்த வளைவும் இதே தத்துவம்தான். 2003-ல் ஹாங்காங்கின் ஏமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 42 பேரைக் கொன்றது. அங்கே பல வீடுகளின் குளியலறைத் தரைத்துளைகளில் இந்தத் தண்ணீர் வற்றிப்போயிருந்ததும் நோய் பரவியதற்கு ஒரு காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. தினமும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்ற அறிவு உயிர்காக்கும் அறிவு. இதைத்தான் ‘ஒண்ணும் தெரியாது’ என்று சிரித்துத் தள்ளுகிறோம்.

இது வெறும் சோம்பலன்று. சமையலறைக் குழாய் ஒழுகினால் இதே நண்பர்கள் ஸ்பானரோடு முயன்று பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். உள்ளே வரும் தண்ணீரைத் தொடுகிற கை, வெளியே போகும் தண்ணீர் என்றதும் பின்வாங்குகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது தொழில்நுட்பமா, சாதியா? நண்பர்களே, நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். தகழியின் ‘தோட்டியின் மகன்’ நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழில் படித்துக் கலங்கியவர்கள் நாம். அடைத்துக்கொண்ட துளையில் அமிலத்தை ஊற்றிவிட்டு, அதைச் சொல்லாமலேயே ஆளைக் கூப்பிடுகிறவர்களும் நாம்தான். குழாயைக் கழற்றும்போது அந்த அமிலம் எவர் கையில் வழிகிறது என்று நாம் யோசிப்பதில்லை.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். முதலாவது, இது காந்திய நாடகம் என்பது. 1901-ல் கல்கத்தா காங்கிரஸில் காந்தி தாமே துடைப்பம் கேட்டு வாங்கிக் கழிப்பறையைச் சுத்தம் செய்தார். அது பெரிய செயல். ஆனால் கழிவகற்றுதலை மேன்மையான பணி என்று அதைச் செய்யும்படி விதிக்கப்பட்டவர்களிடமே போதிப்பதை அம்பேத்கர் கடுமையாகச் சாடினார். நான் அம்பேத்கர் பக்கம். உழைப்பின் மேன்மையைப் பற்றி எவருக்கும் நான் உபதேசிக்கவில்லை. நம் அழுக்குக்கு நாம் பொறுப்பு என்று மட்டுமே சொல்கிறேன்.

இரண்டாவது, பிளம்பரின் பிழைப்பைக் கெடுக்கிறாய் என்பது. கெடவில்லை. அவருடைய திறமை தேவைப்படும் வேலைகள் ஏராளம். வேலை தெரிந்தவனே அதன் அருமையை அறிந்து பேரம் பேசாமல் கூலி கொடுப்பான். எதை எவரிடம் கேட்கக்கூடாது என்பதும் அவனுக்குத்தான் தெரியும். ஆபத்தான முறையில் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய அளவுக்குச் சாவுகள் தொடர்ந்திருக்கின்றன என்பதே இதன் பொருள். அவற்றில் எத்தனையோ ‘நமக்கு ஒண்ணும் தெரியாது, ஆளைக் கூப்பிடு’ என்ற வாக்கியத்தில் தொடங்கியவையாகத்தான் இருக்க முடியும்.

ஐந்தாம் நாள் பிளம்பர் வந்தார். இணைப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நீங்களா சார் ஒட்டுனீங்க? பரவால்லையே. ஆனா கிளாம்ப் ஒண்ணு பத்தாது, பைப்பு தொங்குது பாருங்க” என்றார். நான் கவனிக்காத பிழை. இன்னொரு பிடிப்பான் அடித்து, சரிவைச் சீராக்கிக் கொடுத்தார். கேட்ட கூலியைக் கொடுத்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டார். பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வருகிறவர். இத்தனை நாளும் அவருக்குத் தண்ணீர் கொடுத்தது தூக்கி எறியும் பிளாஸ்டிக் குப்பியில்தான் என்பது, அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்தபோதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.