தீவுப் பிரயாணமும் இன்ஷியூரன்ஸ் பாலிஸியும்

பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டுப் பரீக்ஷை விடுமுறை வரும் டிசம்பர் மாதக் கடைசியில், கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் குடும்பத்துடன் அந்தமானுக்குப் போய் வருவது நம்மவரிடையே வழக்கமாகி வருகிறது. கையில் சற்று மிச்சமுள்ளவர்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் போகிறார்கள். ஆருத்திரா தரிசனத்திற்கு வெளியூரார் சிதம்பரத்தில் வந்து குவியும் மார்கழியில் சிதம்பரத்தார் ஊரை விட்டுப் புறப்படுவது பெரியவர்கள் சிலருக்கு மனக்குறையாக இருக்கலாம். நமக்கு அதில் ஆக்ஷேபமில்லை. போர்ட் பிளேரில் செல்லுலர் சிறையை நம் பிள்ளைகள் கண்ணால் கண்டு வருவது நல்லதே. நாம் இன்று எழுத முற்பட்டது, இப்பிரயாணிகள் கடைசி நிமிஷத்தில் வாங்கும், அல்லது வாங்காமலே விட்டுவிடும், இன்ஷியூரன்ஸ் பாலிஸியைப் பற்றியாகும்.

வங்காள விரிகுடாவின் சுபாவத்தைக் கடலூர்வாசிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ந் தேதி தேவனாம்பட்டினத்தில் ஏறிய அதே ஆழிப்பேரலைதான் அந்தமானையும் இலங்கையையும் மாலத்தீவையும் பாழாக்கிற்று. 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயல் நமது ஜில்லாவின் முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2016 டிசம்பர் முதல் வாரத்தில், பின்னால் வர்தா என்று பெயர் பெற்று 12ந் தேதி சென்னையில் கரையேறிய புயல் அந்தமானருகே உருவாகிக்கொண்டிருந்தபோது, ஹாவ்லாக், நீல் என்ற இரு தீவுகளிலும் ஆயிரத்திற்கு மேற்பட்ட உல்லாஸப் பிரயாணிகள் படகின்றி அகப்பட்டுக்கொண்டனர். கடற்படைக் கப்பல்கள் சென்று அவர்களை மீட்டன. உயிர் தப்பியது, ஆனால் தவறிப்போன விமானச் சீட்டுக்கும், கூடுதலாகத் தங்கிய நாட்களின் ஹோட்டல் வாடகைக்கும் பொறுப்பாளி யார்? அதற்கு முன் 2014 ஜனவரி 26ந் தேதி போர்ட் பிளேருக்கு அருகில் உல்லாஸப் படகொன்று கவிழ்ந்து 21 பேர் மாண்டனர். அவர்களில் பலர் காஞ்சீபுரத்திலிருந்து போனவர்கள். படகில் அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

ஆகையால் இன்ஷியூரன்ஸ் வேண்டுமா என்பதல்ல கேள்வி. எதை வாங்குவது என்பதே. ரயில்வே டிக்கெட்டை இணையத்தில் வாங்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவான கட்டணத்தில் 10 லக்ஷ ரூபாய் விபத்துப் பாதுகாப்புக் கிடைக்கும் ஏற்பாடு 2016 முதல் இருந்து வருகிறது. அது நல்ல ஏற்பாடு. ஆயினும் சிதம்பரத்தில் ரயிலேறியவர் எழும்பூரில் இறங்கியதும் அது முடிந்துவிடுகிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. இனி, அந்தமான் கடலுக்கப்பால் இருந்தாலும் பாரத தேசத்தின் ஒரு பகுதியே. அயல்நாட்டுப் பிரயாணத்திற்கென்று விற்கும் பாலிஸி அங்கே செல்லாது. உள்நாட்டுப் பிரயாண பாலிஸிதான் வேண்டும். ஏற்கெனவே வைத்திய இன்ஷியூரன்ஸ் வைத்திருப்பவருக்கு அந்தமான் ஆஸ்பத்திரிச் செலவு அதிலேயே அடங்கும். அதற்காக இரண்டாம் முறை பணம் கட்டுவதில் பிரயோஜனம் குறைவு. அவருக்கு இல்லாதது வேறு. சிறு தீவொன்றில் மாரடைப்பு ஏற்பட்டால் நோயாளியைப் போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து சென்னைக்கும் கொண்டுவர வேண்டும். ஆகாய ஆம்புலன்ஸ் என்றால் பல லக்ஷ ரூபாய். இந்தச் செலவை ஏற்கும் ஷரத்து உண்டா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் போகிறவர் விஷயம் இதற்கு நேர் எதிர்: அங்கே வைத்தியச் செலவே பெரிது.

புயலைப் பற்றி ஒரு வார்த்தை. பிரயாணம் ரத்தானால் பணம் தருவோம் என்று கம்பெனிகள் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. ஆனால் வானிலை இலாகா எச்சரிக்கை கொடுத்த பின்பு வாங்கிய பாலிஸிக்கு, அந்தப் புயலுக்காகப் பணம் கொடுக்கமாட்டார்கள் என்பது பெரும்பாலான பாலிஸிகளில் சிறிய எழுத்தில் இருக்கும் ஷரத்து. டிக்கெட் வாங்கும் அன்றே பாலிஸியையும் வாங்குவது புத்திசாலித்தனம். கடலடியில் மூழ்கிப் பவழப் பாறை பார்ப்பது முதலிய நீர் விளையாட்டுகள் பல பாலிஸிகளில் விலக்கப்பட்டிருக்கின்றன. அல்லது தனிக் கட்டணம் கேட்கப்படுகிறது. இதற்காகவே தீவுக்குப் போகும் வாலிபர்கள் இந்த ஒரு வரியையாவது தேடிப் படிப்பார்களாக.

இன்ஷியூரன்ஸ் ஒப்பந்தம் பரிபூரண நம்பிக்கையின் மேல் நிற்பது என்பது சட்டம் படித்தவர்கள் அறிந்தது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவர் அதை மறைத்தால் பாலிஸி வெறும் காகிதமாகிவிடும். உள்ளதைச் சொன்னவருக்கு நியாயம் உண்டு. 2009ல் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஒருவர் தமக்கு நீரிழிவு இருப்பதை எழுதிக் கொடுத்தே அயல்நாட்டு மெடிக்ளெய்ம் பாலிஸி வாங்கினார். ஸான் பிரான்ஸிஸ்கோவில் இறங்கியதும் மாரடைப்பு. கம்பெனி கையை விரித்தது. தேசிய நுகர்வோர் கமிஷனும் அவரைக் கைவிட்டது. தெரிந்தே பாலிஸி கொடுத்துவிட்டுப் பின்னால் அந்த வியாதியையே காரணம் காட்டி மறுக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு வருஷம்! எல்லோருக்கும் அத்தனை ஆயுளும் பொறுமையும் பணமும் இருக்குமா?

சொன்னோமா, மறைத்தோமா என்ற வழக்கு எழுவதற்கே ஒரு பெரிய காரணம் பாஷை. பாரம் இங்கிலீஷில், பாலிஸி இங்கிலீஷில், கேள்விகளை ஏஜெண்டு தாமே பூர்த்தி செய்து, கையெழுத்துக்கு மட்டும் விரலால் இடம் காட்டுகிறார். விஷயங்கள் யாவும் தமக்கு விளக்கப்பட்டு, அவற்றை நன்றாய் அறிந்துகொண்டதாகவும் அந்தக் கையெழுத்தே சாக்ஷி சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவருக்கே விளங்காத வாசகத்தைத் திருப்பாதிரிப்புலியூர்க் கடைக்காரர் அறிந்துகொண்டார் என்று பாவிப்பது பரிகாசமல்லவா?

அந்நியக் கம்பெனிகள் இந்தியரின் உயிருக்கு அதிகப் பிரீமியம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அதைப் பொறாத ஸ்வதேசிகள் தாமே கம்பெனிகளை ஸ்தாபித்தனர். வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி தொடங்கிய 1906லேயே சென்னையில் யுனைடெட் இந்தியா பிறந்தது. செல்லுலர் சிறை கட்டி முடிந்ததும் அவ்வருஷந்தான். 1972ஆம் வருஷத்துச் சட்டத்தால் பொது இன்ஷியூரன்ஸ் முழுவதும் தேசவுடைமையாயிற்று. பின்னர் 1999ஆம் வருஷத்துச் சட்டம் தனியாருக்கும் வழி திறந்தது. முதலாளி மாறினார், சட்டம் மாறிற்று. காகிதத்தின் பாஷை மட்டும் மாறவில்லை.

விதி இல்லாமலில்லை. 2002ஆம் வருஷத்து ஒழுங்குவிதிகள், பாரங்களை அரசியல் சட்டம் அங்கீகரித்த பாஷைகளில் கொடுக்க‘லாம்’ என்றன. இந்த ‘லாம்’ என்ற ஈரெழுத்துச் சலுகையில் கம்பெனிகள் சுகமாய்க் குடியிருந்தன. 2024 ஜனவரி 1 முதலோ, வைத்திய இன்ஷியூரன்ஸ் வாங்குகிறவர் கேட்டால், பாலிஸியின் ஸாராம்சம் அடங்கிய தகவல் தாளை அவருடைய பாஷையிலேயே கொடுக்க வேண்டுமென்று கட்டுப்பாட்டு ஸ்தாபனம் உத்தரவிட்டிருக்கிறது. பிரயாண இன்ஷியூரன்ஸுக்கு இது பொருந்தாதென்று யாரேனும் சொல்வாராயின், இன்ஷியூரன்ஸ் சட்டத்தில் வைத்திய இன்ஷியூரன்ஸ் என்பதற்குக் கொடுத்துள்ள இலக்கணத்திலேயே பிரயாணப் பாதுகாப்பும் சேர்க்கப்பட்டிருப்பதை அவருக்குக் காட்டலாம் என்பது நமது அபிப்பிராயம். ‘கேட்டால்’ என்ற வார்த்தையை நேயர்கள் கவனிக்க வேண்டும். கேட்காதவனுக்குக் கிடைக்காது.

ஆகவே கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள கிளைகளுக்குப் போகிறவர்கள் தமிழ்த் தாளை வாயால் கேட்பதோடு நில்லாமல், எழுதிக் கொடுத்துப் பிரதியில் முத்திரை பெற்று வருவார்களாக. இணையத்தில் வாங்குகிறவர்கள் மின்னஞ்சலில் கேட்கலாம். தாள் வராவிட்டாலும், பின்னால் பணம் மறுக்கப்பட்டாலும், முதலில் கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பொறுத்து, சென்னையிலுள்ள இன்ஷியூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. (நமது தொழில் நண்பர்கள் மன்னிப்பார்களாக.) 50 லக்ஷ ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு 2023 முதல் அதிகாரமுண்டு. அவரிடம் போக விரும்பாதவர், 2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி, கம்பெனியின் தலைமை ஆபீஸ் எந்த ஊரிலிருந்தாலும், தாம் வசிக்கும் இடத்திலேயே, அதாவது கடலூர் ஜில்லா கமிஷனிலேயே, இரண்டு வருஷத்திற்குள் வழக்குத் தொடரலாம். இந்த விடுமுறைக்குப் புறப்படுகிறவர்களில் ஒரு நூறு பேர் அந்தக் கடிதத்தை எழுதட்டும். கம்பெனிகள் என்ன பதில் சொல்கின்றன என்பதைப் பார்த்து இவ்விஷயத்தைப் பற்றி மறுபடியும் எழுதுவோம்.