மீனவரும் வக்கீலும்

பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு முதலான சிற்றூர்களில் வாழும் மீனவர் கோர்ட்டுப் படி ஏறுவதை விரும்புகிறவர்கள் அல்லர். ஆயினும், நீரைக் கெடுக்கும் தொழிலோ கரையை அடைக்கும் கட்டிடமோ வந்து சேர்ந்தால் வேறு வழி இல்லை. அப்பொழுது எந்த வக்கீலிடம் போவது என்பதே முதற் கேள்வி. பீஸ் பெரிதாயின் வக்கீலும் பெரியவர் என்னும் எண்ணம் நம் ஜனங்களிடம் வேரூன்றியிருக்கிறது. அது பிழை என்பதற்கு இந்த ஏரியின் சரித்திரமே சான்று.

1994ல் காந்தியத் தொண்டர் ஸ்ரீ எஸ். ஜெகந்நாதன் கரையோர இறால் பண்ணைகளை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தார். அவர் பக்கம் வாதாடியவர் சுற்றுச்சூழல் வழக்குகளில் ஊறிய ஸ்ரீ எம். சி. மேத்தா. 1996 டிசம்பர் 11ல் தீர்ப்பு வந்தது. சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கலாகாது என்று கோர்ட்டு கட்டளையிட்டது. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் கரையை நேரில் பார்த்து, குடிநீர் உப்பானதையும் மீனவரின் கடல்வழி அடைபட்டதையும் எழுதிக் கொடுத்த அறிக்கை அத்தீர்ப்புக்குப் பெரிதும் ஆதாரமாயிற்று. சொல்வன்மை வேண்டியதே, ஆனால் கோர்ட்டில் நிலைப்பது சாட்சியம்.

ஆகவே ஊரார் கவனிக்கவேண்டியவை இவை. பீஸைப் பேசுமுன் வக்கீல் விவரத்தைக் கேட்கிறாரா? கரைக்கு வந்து பார்க்க இசைகிறாரா? எதிர்க்கட்சியாருக்கோ ஊரின் ஒரு பிரிவாருக்கோ முன்பே வேலை செய்தவரா? வெற்றி நிச்சயம் என்று வாக்களிப்பவரை விட்டு விலகுவதே உத்தமம். வழக்கின் பலனில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. கோர்ட்டு வாசலில் காத்திருக்கும் தரகரை நம்பலாகாது. எழுதாத வக்காலத்தில் கையொப்பமிடலாகாது. கொடுத்த தொகைக்கெல்லாம் ரசீது பெறவேண்டும்.

பாட்டு முறையில் உண்டாகும் தகராறுக்கு, ஊர்ப் பஞ்சாயத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் திருப்பியனுப்பும் வக்கீல் கிடைத்தால் அவரே யோக்கியர். ஊராருக்கும் கடமை உண்டு. யாருக்கு எந்தப் பாடு, எந்த நாளில் மீன் செத்து மிதந்தது, அதிகாரிக்கு எப்போது மனுக் கொடுத்தோம் என்பவற்றைத் தேதியிட்டு எழுதிவைக்கவேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில், வழக்குக்குக் காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. தாமதித்த பின் எந்த நிபுணராலும் அந்த நாட்களை மீட்க இயலாது.

பணமில்லையே என்று ஏங்கவும் வேண்டாம். 1987ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12வது ஷரத்துப்படி, பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெற உரியவர்கள். ஏரியை நம்பி வாழும் இருளர்களுக்கும் மீனவப் பெண்களுக்கும் இது பிச்சையன்று, உரிமை.

தீர்ப்போடு காரியம் முடிவதுமில்லை. 1996ல் கோர்ட்டு தடுத்த தொழிலை முறைப்படுத்தி அனுமதிக்கும் சட்டத்தைப் பார்லிமெண்டு 2005ல் இயற்றியது. ஜெயித்த மறுநாள் கலைந்துபோகும் ஊரும், கட்டை மூடிவைக்கும் வக்கீலும் ஜெயித்தவர்கள் ஆகார். எனவே வக்கீலிடம் கடைசியாக ஒன்று கேளுங்கள்: தீர்ப்புக்குப் பின்னும் எங்களோடு இருப்பீரா? தயங்காது ஆம் என்பவரிடம் வக்காலத்தைக் கொடுங்கள்.